மிகையொளிப் படலம்

பாயிரம்

நூல் என்று ஒன்றை எழுதப் புகுந்தால் முதலில் பாயிரம் உரைக்க வேண்டும் என்பது மரபு. பாயிரத்தில் எட்டுச் செய்தி வர வேண்டும் என்று நன்னூலார் விதித்திருக்கிறார். இடநெருக்கடி கருதி நான்கைச் சொல்லி நான்கை விடுகிறேன். நுதலிய பொருள், வெயில் மிகுந்தால் இலைக்குள் இருக்கும் ஒளிச்சேர்க்கை ஏற்பாடு எப்படிக் கெடுகிறது என்பது. எல்லை, மேலே சூரியன், கீழே மண்தொட்டி. கேட்போர், மொட்டைமாடியில் செடி வளர்ப்போர், வளர்த்து இழந்தோர், இனிமேல் பிளாஸ்டிக் செடிதான் என்று முடிவெடுத்தோர். பயன், செடி பிழைப்பது. செடி ஏற்கெனவே போய்விட்டதாயின், எதனால் போயிற்று என்றறிந்து ஆறுவது.

பரபக்கம்

பிறர் கொள்கையை எடுத்துரைத்து மறுத்த பின்னரே தன் கொள்கையை நிறுவ வேண்டும் என்பதும் மரபே. ஒளி விஷயத்தில் நாட்டில் நிலவும் மதங்கள் மூன்று.

முதலாவது வெயில்வாதிகள் மதம். செடிக்கு உணவு வெயில். ஆகவே வெயில் கூடக்கூட உணவு கூடும். உணவு கூடக்கூடச் செடி கொழுக்கும் என்பது இவர்கள் துணிபு. இதற்கு இவர்கள் காட்டும் பிரமாணம் பள்ளிப் பாடப்புத்தகத்துச் சமன்பாடு. கார்பன் டை ஆக்சைடு, தண்ணீர், ஓர் அம்பு, அப்பால் குளுக்கோஸ், ஆக்சிஜன். அம்பின் தலைக்கு மேல் 'சூரிய ஒளி' என்று எழுதியிருக்கும். எவ்வளவு என்று எழுதியிருக்காது. தண்ணீருக்கு முன் ஆறு, கார்பன் டை ஆக்சைடுக்கு முன் ஆறு என்று கணக்குப் பார்த்துச் சமன் செய்த ஆசிரியர் ஒளிக்கு மட்டும் எண் போடாமல் விட்டதை, அளவில்லாமல் கொடுக்கலாம் என்ற அனுமதியாக இவர்கள் பொருள்கொண்டனர். இந்த மதத்தைத் தழுவியவர், நர்சரியில் நிழல்வலைக்கு அடியில் வளர்ந்த செடியை ஞாயிற்றுக்கிழமை காலை வாங்கி வந்து, பத்து மணிக்கு மொட்டைமாடியில் பட்டப்பகல் வெயிலில் இறக்கி வைத்து, புதன்கிழமை இலை வெளுத்துவிட்டதென்று வாட்ஸப் குழுவில் படம் போடுவார்.

இரண்டாவது நீர்வாதிகள் மதம். அந்தப் படத்துக்குக் கீழே வந்து கூடுபவர்கள் இவர்களே. 'தண்ணி பத்தல சார்' என்று ஒருவரும் 'தண்ணி ஜாஸ்தி மேடம்' என்று இன்னொருவரும் ஒரே நிமிடத்தில் எழுதுவார்கள். தம்முள் முரண்பட்டாலும், செடிக்கு வரும் கேடெல்லாம் வாளி வழியாகவே வருகிறது என்பதில் இவர்களுக்குள் ஒற்றுமை உண்டு. அதனால் இவர்களை ஒரே மதமாக எண்ணினேன்.

மூன்றாவது தன்னம்பிக்கைப் பேச்சாளர் மதம். 'ஒரு சின்னச் செடியைப் பாருங்கள். எந்த மூலையில் வைத்தாலும் ஒளியை நோக்கியே வளைகிறது' என்று தொடங்குவது இவர்கள் வழக்கம். செய்தி உண்மை, ஆனால் பாதி. இளந்தண்டை ஒளிப்பக்கம் வளைக்கும் உணர்புரதங்களுக்குப் போட்டோட்ரோபின் என்று பெயர். அவை இரண்டு. ஒளி கடுமையானால் செல்லுக்குள் இருக்கும் பசுங்கணிகங்களை, வெயில் நேரே படாத பக்கச்சுவரோரமாக ஒதுங்க வைப்பதும் அந்த இரண்டாவது புரதம்தான் என்று 2001இல் கண்டார்கள். மறு ஆண்டே ஜப்பானில் ஒரு குழு, இப்படி ஒதுங்கத் தெரியாத மரபுபிறழ்ந்த செடிகளைக் கடும் ஒளியில் வைத்துப் பார்த்தது. ஒதுங்கத் தெரிந்தவை தாக்குப்பிடித்தன. தெரியாதவற்றின் இலை வெளுத்துக் கருகியது. பேச்சாளர்கள் இந்த இரண்டாம் பாதியை மேடையில் சொல்வதில்லை. சொன்னால் அரங்கத்து நாற்காலிகள் சுவரோரமாக நகரக்கூடும்.

சுபக்கம்

மேகமில்லாத நடுப்பகலில், செடிக்குப் பயன்படும் ஒளி ஒரு சதுர மீட்டர் பரப்பில் நொடிக்கு ஏறத்தாழ 2000 மைக்ரோமோல் விழுகிறது. 'மைக்ரோ' என்பதைக் கேட்டு அசட்டையாக இருக்கக் கூடாது. அது வேதியியலார் அடக்கம். உள்ளங்கை அகலத்தில் ஓர் இலை, 50 சதுர சென்டிமீட்டர் என்று கொண்டால், அதன் மேல் ஒரே நொடியில் விழும் ஒளித்துகள்கள் அறுபதாயிரம் கோடி கோடி. இதில் பெரும்பகுதியை இலை உறிஞ்சிக்கொள்கிறது. உறிஞ்சாமல் திருப்பி அனுப்பும் சொற்பத்தைத்தான் நாம் பசுமை என்று பாராட்டுகிறோம்.

கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தவருக்கு மேற்கொண்டு நடப்பது எளிதில் விளங்கும். இலை போட்டாயிற்று. பரிமாறுபவர் வாளியோடு வருகிறார். உண்பவர் முகத்தை அவர் பார்ப்பதில்லை. போதும் என்ற சொல் அவர் காதில் ஏறுவதில்லை. பெண்வீட்டார் மானம் அவர் கரண்டியில் இருக்கிறது. உட்கார்ந்திருப்பவருக்கோ வாய் ஒன்று, அதற்குக் கீழே தொண்டை ஒன்று. ரசம் இலையைத் தாண்டி மடியில் ஓடும்வரை பரிமாறுதல் நிற்பதில்லை. பந்தியில் இதனால் வேட்டிதான் கெடும். செடியின் பந்தியில் கெடுவது சமையற்கட்டு.

தொண்டை எவ்வளவு குறுகியது என்று பார்ப்போம். பசுங்கணிகத்துக்குள் தைலக்காய்டு என்னும் சவ்வில் பதிந்திருக்கும் புரதக்கூட்டம் ஒளி அமைப்பு 2. அதன் நடுவே, பச்சையம் வாங்கிய ஆற்றலால் ஓர் எலக்ட்ரான் பிரிகிறது. அதற்கு ஆகும் நேரம் நொடியின் இலட்சம் கோடியில் சில பங்கு. அந்த எலக்ட்ரான் கைமாறிக் கைமாறி அடுத்த புரதக்கூட்டத்தைக் கடக்க நொடியின் ஆயிரத்தில் சில பங்கு ஆகிறது. கடைசியில் கார்பன் டை ஆக்சைடைப் பிடித்துச் சர்க்கரைக்கு வழிகோலும் ரூபிஸ்கோ என்னும் நொதி, நொடிக்கு மூன்று தடவை வேலை செய்தால் நல்ல நாள். அதிலும் ஐந்தில் ஒரு தடவை போல, கார்பன் டை ஆக்சைடு என்று நினைத்து ஆக்சிஜனைப் பிடித்துவிடும். பிறகு அந்தப் பிழையைத் திருத்துவதற்கென்று தனிச் செலவு. இந்த நொதியே இலையில் மிகுதியாகக் காணப்படும் புரதம். திறமை போதாதவரை மாற்றாமல் ஆளெண்ணிக்கையைக் கூட்டிச் சமாளிக்கும் வழக்கம் எவ்வளவு தொன்மையானது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

ஆகவே நெல், புகையிலை போன்ற பயிர்களின் ஓர் இலை, முழு வெயிலில் கால் பங்கோ பாதியோ வரும்போதே நிறைந்துவிடுகிறது. நிழலில் வளர்ந்த இலைக்குப் பத்தில் ஒரு பங்கே போதும். மீதி வந்துகொண்டே இருக்கிறது. அதைக் கெடுதல் என்று யாரும் சொல்வதில்லை. 'நல்ல வெயில் அடிக்குது, வடாம் போடலாம்' என்கிறார்கள்.

மிஞ்சிய ஆற்றல் எதை எப்படிக் கெடுக்கிறது என்பதில் உரைகாரர்களிடையே கருத்துவேறுபாடு உண்டு. ஒரு சாரார் சொல்வது: போக வழியில்லாமல் ஆற்றலோடு நிற்கும் பச்சையம், மும்மை நிலை என்ற வேறொரு நிலைக்கு நழுவுகிறது. பக்கத்திலேயே ஆக்சிஜன் இருக்கிறது. தண்ணீரைப் பிளந்து அதைத் தயாரிக்கும் இடமே அதுதானே. ஆற்றல் ஆக்சிஜனுக்கு மாறி, ஒற்றைநிலை ஆக்சிஜன் பிறக்கிறது. அது கைக்கெட்டிய புரதத்தையும் கொழுப்பையும் சிதைக்கிறது. மறுசாரார் சொல்வது: முதலில் கெடுவது தண்ணீரைப் பிளக்கும் சிறு கொத்து. நான்கு மாங்கனீசு, ஒரு கால்சியம், ஐந்து ஆக்சிஜன் அணுக்களால் ஆன அதை, நீல ஒளியும் புற ஊதாவும் நேரே தாக்கிக் குலைக்கின்றன. குலைந்த பிறகு மற்றதைப் பச்சையம் வாங்கிய ஒளி முடித்துவைக்கிறது. இந்த இரண்டாம் கட்சியை 2005இல் பின்லாந்தில் ஒரு குழுவும் ஜப்பானில் ஒரு குழுவும் முன்வைத்தன. வழக்கு இன்னும் தீரவில்லை. ஆனால் பிணம் யாருடையது என்பதில் இரு கட்சிக்கும் ஐயமில்லை. இருபதுக்கு மேற்பட்ட புரதங்கள் கூடிய ஒளி அமைப்பு 2இல் உயிரை விடுவது பெரும்பாலும் ஒன்றே. அதன் பெயர் டி1. பெயரைப் பார்த்தால் ரயில் பெட்டி எண் போலிருக்கும். இதைவிடப் பெரிய மரியாதை அதற்குத் தரப்படவில்லை.

வெயிலால் இலையின் வேலை குன்றுகிறது என்று எவார்ட் என்பவர் 1896லேயே எழுதிவைத்தார். 1956இல் பெசல் காக் அதை அளந்து கணக்காக்கினார். பழி டி1 மேல் விழுந்தது 1984இல், கைல், ஓஹாத், ஆர்ன்ட்சன் ஆகியோரின் ஆய்வில். ஒளித்தடை என்று இந்நோய்க்குப் பெயரும் நிலைத்தது.

இந்நூலின் ஒரே சூத்திரம் இங்கே வருகிறது.

மெல்லொளி படினும் உடையும், உடைதல்
ஒளியின் அளவே, ஒட்டுதல் பிந்தின்
புலப்படும், அதுவே பழுதெனப் படுமே.

இது நானே இயற்றியது. யாப்பு வழு இருப்பின் அதையும் வெயில் மிகுதியால் வந்ததென்று கொள்க.

இதன் பொருள்: மெல்லொளி படினும் உடையும் என்றது, குறிப்பிட்ட ஓர் எல்லைவரை டி1 பத்திரமாக இருந்து அதைத் தாண்டினால் உடைகிறது என்று கருதிய பழையோர் கொள்கையை மறுத்தது. ஒளியின் அளவே என்றது, அரைப்பங்கு ஒளிக்கு அரைப்பங்கு உடைவு, இருமடங்கு ஒளிக்கு இருமடங்கு உடைவு என்று நேர்விகிதமாக நடப்பது. அற்றேல், காலை இளவெயிலில் நிற்கும் இலை கெட்டதாக யாரும் கண்டதில்லையே எனின், உடைந்ததை உடைந்தவுடன் இலை மாற்றிவிடுகிறது. ஆதலால் காணவில்லை என்க.

காணாததை எப்படி அறிந்தார்கள்? பழுதுபார்ப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். மனிதருக்கு மருத்துவர் எழுதித்தரும் லின்கோமைசின் என்னும் மருந்து, பாக்டீரியாவின் புரதத் தயாரிப்பை முடக்குவது. பசுங்கணிகம் தொல்பழங்காலத்தில் பாக்டீரியாவாக இருந்து செல்லுக்குள் குடியேறியது. குடியேறி நூறு கோடி ஆண்டுக்கு மேலாகியும் பழைய பழக்கம் போகவில்லை. அதே மருந்து அதையும் முடக்கும். பின்லாந்தின் துர்க்குப் பல்கலைக்கழகத்தில் தியுஸ்த்யார்வியும் ஆரோவும் பூசணி இலைகளுக்கு லின்கோமைசின் ஊட்டி, பல்வேறு அளவு ஒளியில் வைத்து, 1996இல் முடிவை வெளியிட்டார்கள். மங்கலான ஒளியிலும் உடைந்தது. பிரகாசமான ஒளியிலும் உடைந்தது. கோடு நேர்கோடாக ஏறியது. இலை உறிஞ்சும் ஒளித்துகளில் ஏறத்தாழ கோடிக்கு ஒன்று டி1ஐக் கொல்லும் என்பது கணக்கு. கோடிக்கு ஒன்றுதானே என்று தோன்றும். மேலே சொன்ன அறுபதாயிரம் கோடி கோடியை ஒருமுறை திரும்பிப் பார்த்தால் தோன்றாது.

இந்தத் துர்க்கு நகரில் டிசம்பர் கடைசியில் பகல் ஆறு மணி நேரம் இருந்தால் அதிகம். வெயில் மிகுதியைப் பற்றி உலகுக்குச் சொல்ல வேண்டியவற்றில் கணிசமான பகுதியைச் சொன்னது இந்த ஊர்தான். வேலூரில் இந்த ஆராய்ச்சி ஏன் முதலில் நடக்கவில்லை என்று கேட்பவர், மே மாதம் அங்கே சென்று ஒரு பூசணி இலையைக் கையில் பிடித்துக்கொண்டு அரைமணி நேரம் நிற்கக் கடவர்.

இனி ஒட்டுதல். கடும் வெயிலில் ஒரு டி1இன் ஆயுள் மணிக்கணக்கு. உடைந்த ஒளி அமைப்பு, நெருக்கமாக அடுக்கிய சவ்வுகளிலிருந்து மெல்ல நகர்ந்து, அடுக்கின் விளிம்புக்கு வருகிறது. அங்கே அது பாதி பிரிக்கப்படுகிறது. எஃப்டிஎஸ்ஹெச் என்ற புரதச்சிதைப்பி, செத்த டி1ஐப் பிடித்திழுத்துத் துண்டுதுண்டாக்குகிறது. அதே இடத்தில் ரைபோசோம் புதிய டி1ஐ நெய்து நெய்து நேரே சவ்வுக்குள் செருகுகிறது. புதிதாக வருவதன் வாலில் ஒன்பது அமினோ அமிலம் கூடுதலாகத் தொங்கும். அதை ஒரு நொதி நறுக்க வேண்டும். நறுக்கினால்தான் மாங்கனீசு வந்து உட்காரும். பிறகு மாங்கனீசு அணுக்கள் ஒவ்வொன்றாகச் சேர்கின்றன. அவை சேர ஒளி வேண்டும். வேறு வழியில்லை, இருட்டில் இந்தக் கொத்து கட்டப்படாது. எது உடைத்ததோ அதனிடமே போய், ஒட்டுவதற்கும் கொஞ்சம் கொடு என்று கேட்க வேண்டியிருக்கிறது. கடைசியில் எல்லாம் பூட்டி, அமைப்பு பழைய அடுக்குக்குத் திரும்புகிறது. மற்றப் புரதங்கள் அப்படியே மறுபடி பயன்படும். மாற்றப்பட்டது டி1 ஒன்றுதான். திரும்பிய சற்று நேரத்தில் அது மறுபடி உடையும்.

ஜப்பானில் முராட்டாவின் குழு இதில் ஒரு நுட்பம் கண்டது. குளிர், உப்பு, ஒளியில் பிறக்கும் நச்சு ஆக்சிஜன் ஆகியவை உடைப்பதைப் பெரும்பாலும் விரைவுபடுத்துவதில்லை. புதிய புரதம் நெய்வதைத்தான் தடுக்கின்றன என்பது அவர்கள் வாதம். உடைப்பது ஒளியின் தொழில். மற்ற இடர்களெல்லாம் கொத்தனாரை வேலைக்கு வரவிடாமல் செய்பவை. இந்த வேறுபாட்டை நீர்வாதிகள் ஒருமுறை நிதானமாகப் படித்தால் நல்லது. தண்ணீர் குறைந்த செடி வெயிலில் வெளுப்பதைக் கண்டு அவர்கள் சொன்னது முழுப் பொய்யன்று என்று இங்கே ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வாட்ஸப் குழுவில் அப்படி எழுத மாட்டேன்.

இலைக்குப் போதும் என்று சொல்லத் தெரியாதா எனின், தெரியும். பந்தியில் விவரம் தெரிந்தவர் வாயால் சொல்லிப் பயனில்லை என்று கண்டு, குனிந்து இரு கையாலும் இலையை மறைப்பார். செடியும் அதையே செய்கிறது. பீன்ஸும் தட்டைப்பயறும் நடுப்பகலில் இலையை நிமிர்த்திக் கதிருக்கு இணையாக நிறுத்திக்கொள்ளும். வெயில் தகட்டில் படாமல் ஓரத்தைத் தடவிக்கொண்டு போகும். மதியம் பன்னிரண்டுக்குத் தட்டைப்பயறு வயலைப் பார்த்து, வாடிவிட்டது என்று மோட்டார் போடுபவர், அது வாட்டமா மறுப்பா என்று இலையைத் தொட்டுப் பார்ப்பது நலம். வாடிய இலை துவண்டிருக்கும். மறுக்கும் இலை விறைப்பாக இருக்கும்.

மறைத்த பிறகும் விழுந்ததைச் சத்தமில்லாமல் கொட்டிவிடவும் ஓர் ஏற்பாடு உண்டு. தைலக்காய்டின் உட்பக்கம் அமிலம் ஏறினால், வேண்டாத அளவுக்கு ஒளி வருகிறது என்று பொருள். அமிலத்தை உணரும் பிஎஸ்பிஎஸ் என்ற புரதம் நொடிக்கணக்கில் விழிக்கிறது. சில நிமிடத்தில் வயலாசாந்தின் என்னும் மஞ்சள் நிறமி ஸியாசாந்தினாக மாறுகிறது. இரண்டும் சேர்ந்து, உறிஞ்சிய ஆற்றலை எலக்ட்ரானுக்குக் கொடுக்காமல் வெப்பமாக வெளியே விடுகின்றன. கடும் நண்பகலில் உறிஞ்சியதில் பாதிக்கு மேல் இப்படியே போகும். இந்த நிறமிக்கும் வெயில் தாங்குவதற்கும் உள்ள தொடர்பை 1987 முதல் எடுத்துக்காட்டியவர் பார்பரா டெமிக். மக்காச்சோளத்தை மஞ்சளாக்குவதும் நம் கண்ணின் விழித்திரை நடுவே மஞ்சளாகப் படிந்திருப்பதும் இதே ஸியாசாந்தின்தான். நம்மால் தயாரிக்க முடியாது. தின்றுதான் சேர்க்க வேண்டும். வெயிலில் கண் கூசுகிறது என்று கறுப்புக் கண்ணாடி வாங்குபவர், அதற்கு முன்பே செடியிடம் கொஞ்சம் கடன் வாங்கியிருக்கிறார்.

மாமரம் துளிர்விடும்போது கொத்தாகச் செம்பு நிறத்தில் இலை தொங்கும். தொட்டால் ஈரத்துணி மாதிரி மெத்தென்று இருக்கும். நரம்பு இன்னும் விறைக்கவில்லை. மாந்தளிர் மேனி என்று கவிகள் பல நூற்றாண்டாகச் சொல்லிச் சொல்லி அது அழகு என்று முடிவாகிவிட்டது. தாவரவியலார் பார்வை வேறு. அந்தப் பருவத்தில் இலைக்குள் பச்சையம் குறைவு, சமையற்கட்டு பாதிதான் கட்டியிருக்கிறது, வெயிலோ முழுசாக விழுகிறது. சிவப்பு நிறமி ஒளியில் ஒரு பகுதியைத் தான் வாங்கிக்கொண்டு உள்ளே போகவிடாமல் செய்கிறது. இலை கீழ்நோக்கித் தொங்குவது மீதியைத் தவிர்க்கிறது என்கிறார்கள். சிவப்பு பூச்சிகளை விரட்டத்தான் என்று வாதிடும் கட்சியும் உண்டு. இரண்டில் எது மெய்யானாலும், நாயகியின் மேனிக்கு ஒளிமறைப்புப் பூச்சையோ பூச்சிவிரட்டியையோ உவமை சொல்லியிருக்கிறார்கள் என்பது மாறாது.

கெட்டதா இல்லையா என்று அளந்து சொல்லவும் வழி இருக்கிறது. இருட்டில் வைத்த இலை மேல் திடீரென ஒளி பாய்ச்சினால் அது மங்கிய சிவப்பில் ஒளிரும், ஏறி இறங்கும். 1931இல் ஹான்ஸ் கௌட்ஸ்கி இதை நிறக்கண்ணாடி வழியே கண்ணாலேயே பார்த்தார். இப்போது கருவி வந்துவிட்டது. விரல்நுனி அகலத்துக்கு ஒரு கிளிப், அதில் இழுத்து மூடும் சின்னக் கதவு. இலையில் மாட்டி, கதவை மூடி, இருபது முப்பது நிமிடம் இருட்டில் விட வேண்டும். ஆய்வு மாணவர்கள் டீ குடிப்பது இந்த இடைவெளியில். பிறகு கருவியின் மூக்கைப் பொருத்தி, கதவைத் திறந்து, கண்ணிமைக்கும் நேரம் பளிச்சென்று ஒளி அடித்தால் திரையில் ஓர் எண் வரும். நலமாக உள்ள இலை எந்த இனமானாலும் 0.83ஐ ஒட்டியே காட்டும். அதே இலை வெயிலில் நின்ற மத்தியானம் இதற்குக் கீழே இறங்கியிருக்கும். மாலையில் ஏறத் தொடங்கும். மறுநாள் விடியலிலும் ஏறாவிட்டால் கொத்தனார் தோற்றார் என்று எழுதிக்கொள்வார்கள்.

இந்த எண் எதுவும் தெரியாமலேயே கொடிக்கால்காரர்கள் காலம் காலமாக இதைக் கையாண்டு வருகிறார்கள். வெற்றிலைக் கொடி நிழலில் பிறந்த சாதி. முதலில் அகத்தியை விதைப்பார்கள். அகத்தி ஆளுயரம் வந்த பிறகே கொடி அதன் மேல் ஏறும். வாழைநாரால் கட்டி விடுவார்கள். கோடையில் அகத்தியின் கிளையைத் தொடுவதில்லை. வானம் மூடிக் கிடக்கும் மாதத்தில் கழித்து விடுவார்கள். கழித்த தழை ஆட்டுக்குப் போகும். சோழவந்தான் வெற்றிலைக்கும் ஆத்தூர் வெற்றிலைக்கும் 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. குறியீடு வெற்றிலைக்குக் கிடைத்தது. நாள்தோறும் அதன் தலைக்கு மேல் நின்று வெயில் வாங்கிய அகத்திக்கு ஒன்றுமில்லை. ஆயினும் அகத்தியின் சிற்றிலைகள் அடர்ந்து மூடுவதில்லை; வெயிலைச் சல்லடையாக்கித்தான் கீழே விடும். கொடிக்கு வேண்டியது அந்தச் சல்லடைதான், இருட்டு அன்று.

வெயில்வாதிக்கு இங்கே ஒரு சலுகை. நிழலில் வளர்ந்த செடியை நாளுக்குச் சிறிது நேரம் இளவெயில் காட்டி, ஓரிரு வாரத்தில் பழக்கினால் தாங்கும். பழைய இலைகள் அவ்வளவாகத் திருந்தா; அவை நிழலுக்கென்று மெல்லியதாக, ஒளி வாங்கும் பச்சையத்தை நிறையச் சேர்த்துக்கொண்டு கட்டப்பட்டவை. புதிதாக விடும் இலைகள்தான் தடித்து, வெயிலுக்கேற்ற கணக்கோடு வரும். அதுவரை ஐம்பது சதவீத நிழல்வலை போதும். வலை கட்டக் கம்பி வேண்டும், கம்பிக்கு வீட்டுக்காரர் சம்மதம் வேண்டும்; அது இந்நூலின் எல்லைக்கு அப்பாற்பட்டது.

ஒழிபு

மேலே சொல்லாமல் விட்டவை இங்கே சொல்லப்படும்.

இவ்வளவு தொல்லை தரும் டி1ஐ இன்னும் கெட்டியாகச் செய்துகொண்டால் என்ன எனின், 240 கோடி ஆண்டுக்கு முன்பே காற்றில் ஆக்சிஜன் சேரத் தொடங்கிவிட்டது. அந்த ஆக்சிஜனை வெளிவிட்டது நீலப்பசும் பாசிகளின் இதே ஏற்பாடுதான். அன்றிலிருந்து இன்றுவரை டி1 பெரிதாக மாறவில்லை. தண்ணீரிலிருந்து எலக்ட்ரானைப் பிடுங்குவது லேசான காரியமன்று. அதற்காக ஒளி அமைப்பு 2இன் நடுவில் உண்டாகும் பச்சைய அயனி, உயிருலகம் அறிந்த பொருள்களிலேயே எலக்ட்ரானைப் பிடுங்குவதில் மிகக் கொடியது. அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எந்தப் புரதம் நின்றாலும் இதே கதிதான்.

இரண்டாவதிலிருந்து வரும் எலக்ட்ரானை வாங்கிக்கொள்ளும் ஒளி அமைப்பு 1 கெடாதா எனின், கெடும், அரிதாக. வெள்ளரிச் செடியை உறைநிலையை ஒட்டிய குளிரில், சாதாரண ஒளியில் சில மணி நேரம் வைத்தால் அதன் முதல் அமைப்பு கெடுகிறது என்று ஜப்பானியர் 1994இல் காட்டினர். அதைப் பழுதுபார்க்க இரண்டாம் அமைப்புக்கு இருப்பது போல விரைவான ஏற்பாடு இல்லை, நாள்கணக்கில் ஆகும். அதனால் இரண்டாவது முந்திக்கொண்டு உடைவதே முதலாவதுக்கு எலக்ட்ரான் போய்க் குவியாமல் காப்பதற்காக என்று சொல்வாரும் உளர். குளிர்சாதனப் பெட்டிக்குள் விளக்கு எரியவிட்டு வெள்ளரிச் செடி வளர்ப்பார் இங்கு இலர் ஆதலின் இது விரிக்கப்படவில்லை.

கடைசி ஐயம்: போதும் என்று செடி சொல்வதைக் குறைத்தால் விளைச்சல் கூடாதா? மேகம் வந்து நிழல் விழுந்த பிறகும், ஆற்றலை வெப்பமாகக் கொட்டும் பழக்கத்தை இலை உடனே நிறுத்துவதில்லை. நிமிடக்கணக்கில் கொட்டிக்கொண்டே இருக்கும். பரிமாறுபவர் அடுத்த பந்திக்குப் போய்விட்டார். இவர் இன்னும் இலையை மறைத்துக்கொண்டிருக்கிறார். அமெரிக்காவின் இலினாய்ப் பல்கலைக்கழகக் குழு இந்தக் கையைச் சீக்கிரம் எடுக்க வைக்க மூன்று மரபணுக்களைப் புகையிலையில் கூட்டியது. 2016இல் வெளியான முடிவில், வயலில் செடியின் உலர் எடை ஏறத்தாழ 15 சதவீதம் கூடியிருந்தது. அதே ஏற்பாட்டைக் கடுகுக் குடும்பத்துச் சிறு செடியான அராபிடாப்சிஸில் ஜெர்மனியில் செய்து பார்த்தபோது வளர்ச்சி குறைந்தது. இலினாய்க்காரர்கள் சோயாவுக்குப் போனார்கள். 2022இல் வெளியிட்டபடி விளைச்சல் சராசரியாக 24.5 சதவீதம் கூடியது. மறு பருவத்தில் புயல் அடித்துப் பயிர் சாய்ந்துவிட, அந்தப் பலன் அப்படியே திரும்பக் கிடைக்கவில்லை. காற்று மிகுதி வேறு படலம்.